கோஸ் தீவின் பட்டுப்பூச்சி – கடிதம்

அன்புள்ள ஐயா,

பட்டு பற்றிய கட்டுரையில், சீனப் பட்டு வருவதற்கு முன்பே கிரேக்கத்தின் கோஸ் தீவில் பட்டு நெய்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சீனத் துணியைப் பிரித்து, அந்த நூலில்தான் அங்கே மறுபடி நெய்தார்கள் என்று நான் படித்திருக்கிறேன். எது சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் படித்ததற்கு மூலம் ரோமானிய எழுத்தாளர் பிளினி. பம்ஃபிலி என்ற பெண் ‘பிரித்து மறுபடி நெய்யும்’ வித்தையைக் கண்டுபிடித்தாள் என்கிறார். பிரித்தது சீனத் துணியைத்தான் என்று பின்னால் வந்தவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். பிளினி தீவின் பெயரையே கேயோஸ் என்று வேறொரு தீவாக மாற்றி எழுதியவர்!

அவருக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் முந்தையவர் அரிஸ்டாட்டில். பூச்சியின் கூட்டைப் பெண்கள் பிரித்து, இழையைச் சுற்றியெடுத்து, பிறகு நெய்கிறார்கள். இதை முதலில் செய்தவள் கோஸ் தீவில் பிளாட்டியஸின் மகள் பம்ஃபிலி என்பார்கள் என்று எழுதுகிறார். ஆக, பிரித்தது கூட்டை. சீனப் பட்டு மேற்கே வர வழி திறந்தவராகச் சொல்லப்படும் சீனத் தூதர் சாங் சியான் கிளம்பியதே அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு, கி.மு. 138 வாக்கில்தான்.

எந்தப் பூச்சி? பெரும்பாலான ஆய்வாளர்கள் கைகாட்டுவது பாக்கிபாசா ஓட்டஸ் என்ற பெரிய அந்துப்பூச்சியை. கிழக்கு மத்தியதரைக் கடற்பகுதியில் இன்றும் உண்டு. புழு சைப்ரஸ், ஜூனிபர், ஓக் மரங்களின் இலையைத் தின்னும். முசுக்கொட்டை இல்லாமல் பட்டா என்று கேட்காதீர்கள், நம் தசர் புழு மருத மரத்து இலையில் வளர்வதுதானே. கோஸ் பட்டைச் சொல்லும்போது சைப்ரஸையும் ஓக்கையும் பிளினியே குறிப்பிடுகிறார். இந்த இடத்தில் அவரை நம்பலாம். ஆனால் அரிஸ்டாட்டில் சொல்லும் ‘கொம்புள்ள புழு’ இதற்குப் பொருந்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சாந்தோரினித் தீவில், 3,500 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்த அக்ரோத்திரி நகரில் சுண்ணமாக இறுகிப்போன ஒரு பூச்சிக்கூடு கிடைத்தது. இதே இனத்தினுடையதாக இருக்கலாம் என்று 1997இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு கூட்டை வைத்துக்கொண்டு அங்கே தறி ஓடியது என்று சொல்ல நான் தயாரில்லை. பூச்சி அந்தத் தீவுகளுக்குப் பழையது என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

கோஸ் ஆடை உடம்பை மறைப்பதே இல்லை என்று ரோமானியக் கவிஞர் ஹொராஸ் கிண்டலடித்தார். சீனப் பட்டு சந்தையைப் பிடித்ததும் அந்தப் பெயர் மெல்ல மங்கியது. முசுக்கொட்டைப் பட்டுப்பூச்சியின் முட்டைகளைத் துறவிகள் பைசாந்தியத்துக்கு, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசுக்கு, கொண்டுவந்தது கி.பி. 552 வாக்கில், அதாவது அரிஸ்டாட்டிலுக்கு 800 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

அரிஸ்டாட்டிலின் ‘விலங்குகளின் வரலாறு’, ஐந்தாம் நூல், 19ஆம் அத்தியாயம். பட்டு பற்றிய பகுதி சில வரிகள்தான், ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படித்துவிட்டு எழுதுங்கள்.