எண்ணெய் மிதந்தால் பீநட் பட்டர் கெட்டுவிட்டதா?

கேள்வி: ஒரு கிலோ பீநட் பட்டர் வாங்கினோம். மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. விற்றவரிடம் கேட்டால், "அது கெட்டுப்போச்சு, பிரியாத ரகம் வாங்குங்க" என்கிறார். தூக்கிப் போடுவதா? சாப்பிடலாம் என்றால் ரொட்டியில் தடவுவது தவிர வேறு எதற்கெல்லாம் ஆகும்? எங்கள் நாய்க்கும் கொடுக்கலாமா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். வேர்க்கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். அரைத்து வைத்தால் கடலைத் துகள் கீழே இறங்கும், எண்ணெய் மேலே வரும். மாதக்கணக்கில் பிரியாமல் நிற்கும் ரகத்தில் கெட்டியாக்கிய தாவரக் கொழுப்போ பாமாயிலோ சேர்த்திருப்பார்கள். அதை விற்க நினைப்பவர் இதைக் கெட்டது என்றுதான் சொல்வார். முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடையோ பெயின்ட் வாடையோ அடித்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

எண்ணெயை வடித்துவிடாதீர்கள், அப்புறம் மிச்சம் செங்கல்தான். மூடியை இறுக்கி, டப்பாவை ஒரு இரவு தலைகீழாக வையுங்கள். காலையில் நீளமான கத்தியை அடிவரை விட்டு மெதுவாகக் கிளறி, ஃபிரிட்ஜில் வைத்தால் மறுபடி அவ்வளவு சீக்கிரம் பிரியாது.

இனி வாங்கும்போது முன்பக்கத்தை நம்பாமல், பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். கடலை, உப்பு, இரண்டே இருந்தால் நல்லது. அமெரிக்காவில் பீநட் பட்டர் என்று பெயர் போட 90 சதவீதம் கடலை இருக்க வேண்டும். குறைந்தால் 'ஸ்ப்ரெட்' என்று போட்டு விற்றுக்கொள்ளலாம். ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று வழிவிடுகிற விதியால் யாருக்கு லாபம்? 'கொழுப்பு குறைத்தது' என்பதிலும் எடுத்த கொழுப்புக்குப் பதிலாகச் சர்க்கரையும் மாவுப்பொருளும்தான் ஏறுகின்றன. எல்லாவற்றையும்விட, மொத்தமாக வாங்கிச் சின்ன டப்பாவில் அடைத்து, தேதியும் இல்லாமல் 'வீட்டுத் தயாரிப்பு' என்று விற்கும் இடைத்தரகர்களிடம் வாங்கவே வாங்காதீர்கள். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது, அரைத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது.

சரி, சமையலுக்கு வருவோம். இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். முதலில் இளகுவதற்குப் பதிலாக இறுகித் திரளும். பலர் இந்த இடத்தில்தான் பயந்து கைவிடுகிறார்கள். இன்னும் சிறிது சிறிதாக வெந்நீர் விட்டுக்கொண்டே கலக்குங்கள்; நிறம் வெளுத்து, பளபளவென்று கரண்டியிலிருந்து வழியும். அதில் எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகாய், உப்பு சேர்த்தால் நூடுல்ஸுக்கும் வேகவைத்த காய்க்கும் அருமையான சாஸ். குழம்பைக் கெட்டியாக்கவும் இப்படிக் கரைத்ததையே அடுப்பை அணைக்கும் நேரத்தில் ஊற்றுங்கள், முன்பே விட்டால் அடிப்பிடிக்கும். ஒரு கப் பீநட் பட்டர், ஒரு கப் சர்க்கரை, ஒரு முட்டை பிசைந்து, உருட்டித் தட்டி, 175 டிகிரி செல்சியஸில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால் மாவே இல்லாத பிஸ்கட். சூட்டில் மெத்தென்று இருக்கும், ஆறவிட்டு எடுங்கள்.

வீட்டு வேலையில் முடியில் ஒட்டிய சூயிங் கம்முக்கு நல்லது. நன்றாகத் தேய்த்துச் சில நிமிடம் விட்டால் கொழுப்பு அந்தப் பசையை இளக்கிவிடும். சீப்பால் இழுத்து, ஷாம்பூ போடுங்கள். கண்ணாடி பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கர் பசைக்கும் இதே வழிதான். துணி, தோல் பை, பாலிஷ் இல்லாத மரம் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், எண்ணெய்க் கறை நிற்கும். எலிப்பொறியில் ஒரு பட்டாணி அளவு போதும். வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் இந்த வேலை எதற்கும் இதை எடுக்கவே வேண்டாம்; கம்முக்கும் ஸ்டிக்கருக்கும் வேறு சமையல் எண்ணெயே போதும்.

நாய் விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். மாத்திரையை மறைத்துக் கொடுக்க அரை டீஸ்பூன் தரலாம். ஆனால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்த பீநட் பட்டர் உண்டு, 'சர்க்கரை இல்லாதது' என்று வருபவற்றில் முக்கியமாகப் பாருங்கள். மனிதருக்கு அது ஆபத்தில்லை. நாயின் உடலிலோ இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், ஈரலும் பாதிக்கப்படலாம். அதே பொருள் 'பிர்ச் சுகர்' என்றும், 'ஈ 967' என்றும் லேபிளில் ஒளிந்திருக்கும். ஒரே பொருளுக்கு மூன்று பெயர். வாங்குகிறவர் எதைத்தான் தேடுவார்? நாய்ப் படம் போட்டு ஒரு வரி எச்சரிக்கை அச்சடிக்க எவ்வளவு மை ஆகிவிடும்? இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. உங்கள் டப்பாவில் இந்த மூன்றில் எந்தப் பெயர் இருந்தாலும் நாய்க்கு ஒரு துளிகூட வேண்டாம். தெரியாமல் தின்றுவிட்டால் வாந்தி, தள்ளாட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.