நாள்பட்ட வலியும் சோர்வும் இருப்பவர்கள் இயற்கையாகத் தூக்கத்தைச் சீராக்க என்ன செய்யலாம்?

கேட்டிருப்பவருக்கு வருடக்கணக்கில் உடம்பு வலி, எந்நேரமும் அசதி. படுத்தால் சீக்கிரம் தூக்கம் வருவதில்லை, வந்தாலும் காலையில் அடித்துப் போட்டது போல எழுகிறார். தூக்க மாத்திரைக்குப் போகாமல் வழி உண்டா என்கிறார்.

உண்டு. எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருக்கிறது, உடம்பு முழுக்க நாள்பட்ட வலியும் அசதியும் தரும் நோய் அது. கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும். நான் மருத்துவர் இல்லை. ருமட்டாலஜி (மூட்டு, தசை நோய்) டாக்டரிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதையும் என் உடம்பில் பலன் தந்ததையும் எழுதுகிறேன்.

நம்மில் பலர் "முதலில் வலி குறையட்டும், தூக்கம் தானாக வரும்" என்று காத்திருக்கிறோம். அப்படிக் காத்திருக்க வேண்டாம். தூக்கம் கெட்டாலும் வலி கூடும். 1975ல் கனடாவின் டொரான்டோவில் ஹார்வி மோல்டாஃப்ஸ்கி என்ற மருத்துவர், எந்த நோயும் இல்லாத மாணவர்கள் சிலரை ஆய்வுக்கூடத்தில் தூங்க வைத்தார். அவர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போதெல்லாம், முழுதாக விழிக்காத அளவுக்கு ஒரு சத்தம் கொடுத்து அந்த உறக்கத்தைக் கலைத்தார். சில இரவுகளிலேயே அவர்களுக்குத் தசை வலியும், தொட்டால் நோகும் இடங்களும், அசதியும் வந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் எங்களைப் போன்றவர்கள் காலையில் சொல்லும் அத்தனையும் அதில் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், வலியை முழுதாக அடக்க முடியாவிட்டாலும் தூக்கத்தின் பக்கமிருந்து வேலையைத் தொடங்கலாம்.

அதற்கு முன் சில பரிசோதனைகளை முடித்துவிடுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு, பி12, வைட்டமின் டி, சர்க்கரை. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அசதிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். படுத்ததும் காலில் ஏதோ ஊர்வது போல இருந்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? இரும்புச்சத்துக் குறைவால் அப்படி வருவதுண்டு. பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது இருந்தால் தூக்க ஆய்வு செய்ய வேண்டும். இவற்றை விட்டுவிட்டு ஒத்தடமும் பாலும் என்று போனால் காலம்தான் வீணாகும்.

எனக்கு அதிகம் உதவியது எழும் நேரம். படுக்கும் நேரத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, தூக்கம் வந்தால்தானே தூங்குவது? எழும் நேரம் நம் கையில் இருக்கிறது. இரவு எவ்வளவு மோசமாகப் போனாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும். எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளிச்சத்துக்குப் போய்விடுங்கள். நடக்க முடியாவிட்டால் வேண்டாம், மொட்டை மாடியிலோ வாசல் படியிலோ உட்கார்ந்தாலே போதும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் மூளைக்குள் இருக்கும் கடிகாரம் அன்றைய இரவுக்கான நேரத்தைக் குறித்துக்கொள்ளும், தூக்கத்துக்கான ஹார்மோனாகிய மெலடோனின் அதற்கேற்ப மாலையில் ஏறும். முதல் இரண்டு மூன்று வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். அசதி கூடியது போலவே தெரியும். அதைத் தாண்டிவிட்டால் வித்தியாசம் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாத சிகிச்சைகளில் முதலிடம் பெற்றது சிபிடி-ஐ என்ற பழக்கவழக்கப் பயிற்சி. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016ல் மாத்திரைக்கும் முன்னால் இதைத்தான் பரிந்துரைத்தது. படுக்கையில் இருக்கும் நேரத்தை வெகுவாகக் குறைப்பது அதில் ஒரு பகுதி. சிறிது வேலை செய்தாலே அடுத்த நாள் படுத்த படுக்கையாகிவிடும் அளவுக்குச் சோர்வு உள்ளவர்கள் அதை இணையத்தில் படித்துவிட்டுத் தாமாகச் செய்யக் கூடாது. மெதுவாக, வாரத்துக்குக் கால் மணி நேரம் என்று குறைக்கலாம், அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

பகலில் ஓய்வே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இந்த நோய்களில் ஓய்வு மருந்து மாதிரி. ஆனால் ஓய்வு வேறு, தூக்கம் வேறு. பகலில் கட்டிலில் சாயாமல் கூடத்தில் ஈஸி சேரிலோ பாயிலோ கண்ணை மூடிக் கிடங்கள். கண் அசந்தால் இருபது முப்பது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் வீட்டையே கழுவித் துடைத்து, இட்லிக்கு அரைத்து, பரணையும் ஒழித்துவிட வேண்டும் என்று தோன்றும். அன்றைய இரவுதான் வலி பிடுங்கி எடுக்கும். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, அசதி வருவதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021ல் நாள்பட்ட சோர்வு நோய்க்கான வழிகாட்டுதலைத் திருத்தியபோது, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையை விலக்கிவிட்டது. எனவே "நன்றாக நடந்து களைத்தால் தூக்கம் வரும்" என்று யாராவது சொன்னால், எல்லோருக்கும் அது பொருந்தாது என்று சொல்லுங்கள்.

காபி, டீ மதியத்தோடு சரி. அவற்றில் உள்ள, தூக்கத்தைக் கெடுக்கும் காஃபினில் பாதி, சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

இனி இரவு. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளியுங்கள், கோடையிலும்கூட. சூட்டில் கை கால் ரத்தக் குழாய்கள் விரிந்து, பிறகு உடம்பின் உள்வெப்பம் இறங்கும். அந்த இறக்கம்தான் தூக்கத்தை அழைக்கிறது. வலி குறிப்பிட்ட இடத்தில் இருந்தால் உப்பு ஒத்தடம். இரும்பு வாணலியில் இரண்டு கைப்பிடி கல்லுப்பைப் போட்டு, படபடவென்று வெடிக்கும் வரை வறுப்பேன். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து அதில் கொட்டி முடிந்து, மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஒற்றி ஒற்றி எடுப்பேன். ஆறினால் மறுபடி வாணலிக்கு. இறுகிக் கிடந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது தெரியும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் காலில் இதைச் செய்ய வேண்டாம், சுட்டால் தெரியாது.

"முதுகு வலியா, வெறும் தரையில் படு" என்ற அறிவுரை நம் ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் நடத்தி 2003ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. நடுவில் குழி விழுந்த இலவம்பஞ்சு மெத்தையும் ஆகாது, அதை அடித்துத் தைக்கக் கொடுத்துவிடுங்கள். ஒருக்களித்துப் படுப்பவர்கள் இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை, தோள் வலி இருந்தால் கட்டிக்கொள்ள இன்னொன்று. மல்லாந்து படுப்பவர்கள் முட்டிக்கு அடியில். இந்தச் சின்ன மாற்றத்திலேயே புரளும்போது விழிப்பது எனக்கு நன்றாகக் குறைந்தது.

நடுராத்திரி வலியில் விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், போனைக் கூடத்தில் விட்டுவிடுங்கள். பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக லேசாக இறுக்கித் தளர்த்துங்கள். வலிக்கும் இடத்தை இறுக்க வேண்டாம், நினைப்பாலேயே தளர்த்தினால் போதும். அப்படியும் தூக்கம் வராமல் எரிச்சல் ஏறினால் எழுந்து போய் நாற்காலியில் உட்காருங்கள். நாற்காலி, போர்வை, பிளாஸ்கில் வெந்நீர், ஜீரோ வாட்ஸ் பல்பு எல்லாம் முன்னிரவிலேயே தயாராக இருக்கட்டும். வலியோடு எழுந்து தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் பற்றிப் பலர் சொல்வார்கள். தூக்கத்துக்குச் சிறிதளவு உதவுவதாகச் சில ஆய்வுகள் உண்டு. ஆனால் தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம், கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது, டென்மார்க் 2023ல் அமுக்கராவைத் தடையே செய்தது. ஜாதிக்காயும் அளவு மீறினால் விஷம். மூலிகை என்பதால் கேட்காமல் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் எந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்கள் அதை இரவில் போட்டால் தூக்கம் போய்விடும்.

வீட்டில் இருப்பவர்களிடமும் பேசி வையுங்கள். இரவுச் சமையல், பாத்திரம் தேய்ப்பது எல்லாம் எட்டரைக்குள் முடிய அவர்களும் கை கொடுக்க வேண்டும். காலையில் "ராத்திரி தூங்கினியா?" என்று தினமும் கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை முந்தைய இரவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.