புளி டப்பா காலி, கடைக்கு ஆறு கிலோமீட்டர்: எதற்குப் பதில் எதைப் போடலாம்?

திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். சம்பா நடவுக்கு வந்த ஆட்களுக்குச் சாம்பார் வைக்கப் போனால் புளி டப்பாவில் கொட்டைதான் கிடந்ததாம், வெளியே அடைமழை, கடைக்கு ஆறு கிலோமீட்டர். பருப்போடு நாலு தக்காளியைச் சேர்த்துக் குக்கரில் வைத்தார், புளிப்பு பத்தவில்லை என்று எலுமிச்சையைப் பிழிந்து கொதிக்க விட்டார். பருப்பு விதையாய் நின்றது, சாம்பார் கசந்தது. “எது இல்லாவிட்டால் எதைப் போடலாம், இந்த மழையில் இட்லி மாவும் பொங்க மாட்டேன் என்கிறதே?” என்கிறார்.

கும்பகோணத்தில் இருபது வருடத்துக்கு மேல் கல்யாணச் சமையலில் நின்றவன் நான். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது ஏதாவது ஒன்று இல்லை என்று வரும், அப்போதெல்லாம் நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்தச் சாமான் அந்தக் குழம்பில் என்ன வேலை செய்கிறது? புளிப்பா, கெட்டியா, வாசனையா? அந்த வேலையைச் செய்ய வேறு எது வீட்டில் இருக்கிறது என்று தேடினால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

உங்கள் சாம்பாருக்கு வருகிறேன். புளிப்பு பட்டால் பருப்பும் காய்கறியும் லேசில் வேகாது. புளி, தக்காளி, மாங்காய் எதுவானாலும் பருப்பு மசிந்த பிறகுதான் சேர வேண்டும், உருளைக்கிழங்கு, வாழைக்காய் போடும் குழம்பிலும் காய் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளித்தண்ணீர். இன்னொரு காரணமும் இருக்கலாம். உங்கள் பக்கம் கடலை நெருங்க நெருங்கப் போர் தண்ணீர் உப்பும் கடுப்புமாக வரும், அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பருப்பு வேகவைக்க மட்டுமாவது குடிக்கிற தண்ணீரை எடுங்கள், அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் போட்டு வையுங்கள். ரொம்பப் பழைய பருப்பாக இருந்தால் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடலாம், அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும்.

எலுமிச்சை கசந்ததற்குக் காரணம் கொதிதான். எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கவிட்டால் வாசனை போய்க் கசப்பு தலைதூக்கும், விதையோ தோலோ விழுந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அடுப்பை அணைத்து, குழம்பின் கொதி அடங்கிய பிறகு பிழியுங்கள். நாலு பேர் சாம்பாருக்கு எலுமிச்சை அளவு புளி போடுவோம் இல்லையா, அதற்கு நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளி மூன்று போதும், ஆனால் தனியாக எண்ணெயில் பச்சை வாடை போக வதக்கித்தான் சேர்க்க வேண்டும். பெங்களூர் தக்காளியில் புளிப்பு கம்மி, அதை மட்டும் நம்பாதீர்கள், கடைசியில் எலுமிச்சை கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் என்றால் பாதி மாங்காயை நறுக்கிப் போட்டாலே போதும், நாகப்பட்டினம் பக்கத்து மீன் குழம்பில் மாங்காய் விழுந்தால் புளியைப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். வத்தக்குழம்புக்கு மட்டும் நான் மாற்று சொல்ல மாட்டேன். அது புளிக்குழம்பு, ரெண்டு நாள் வைத்துச் சாப்பிடுகிற குழம்பு, தக்காளியில் வைத்தால் அந்த உடம்பும் வராது, அத்தனை நாள் தாங்கவும் தாங்காது. புளி இல்லாத அன்று புளித்த மோர் இருந்தால் பேசாமல் மோர்க்குழம்பு வையுங்கள், நுரை கட்டி வரும்போதே இறக்குங்கள், கொதித்தால் திரிந்துவிடும்.

தேங்காய் இல்லாமல் சமைக்க நான் கற்றுக்கொண்டது கஜா புயலில். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறியது, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் லட்சக்கணக்கான தென்னை சாய்ந்து கிடந்தது. முதல் வாரம் விழுந்த காயெல்லாம் கொட்டிக் கிடந்தது, அப்புறம் மாதக்கணக்கில் தேங்காயைத் தேட வேண்டியதாகிவிட்டது, அந்தத் தோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இன்றும் மனது ஆறாது. அப்போது பழகியதுதான் இது. குழம்பு கெட்டியாக வேண்டுமென்றால் பொட்டுக்கடலையும், ஊறவைத்த கசகசாவும் அரைத்து விடுங்கள், குருமாவுக்கு நாலு முந்திரி சேர்ந்தால் தேங்காய்ப் பால் விட்ட மாதிரியே இருக்கும். இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற கும்பகோணம் கடப்பாவுக்கு எப்படியும் பொட்டுக்கடலை அரைப்போம், தேங்காய் இல்லாத அன்று அதைக் கொஞ்சம் கூட்டி, சோம்பைக் குறைக்காமல், பாசிப்பருப்பை நன்றாகக் குழைத்துவிடுங்கள். சட்னிக்கு வறுத்த வேர்க்கடலை. கூட்டுக்கு ஒரு ஸ்பூன் அரிசி மாவு கரைத்து விட்டு, தாளிப்பில் தேங்காய் எண்ணெய் விட்டால் வாசனையாவது வந்து சேரும். பொட்டுக்கடலை அரைத்ததை ரொம்ப நேரம் கொதிக்க விடாதீர்கள், கூழாக இறுகும்.

சாம்பார் பொடி தீர்ந்தால் கவலையே வேண்டாம். ரெண்டு ஸ்பூன் மல்லி, மூணு நாலு வரமிளகாய், ஒரு ஸ்பூன் கடலைப்பருப்பு, கால் ஸ்பூன் வெந்தயம், எண்ணெயில் வறுத்து அரைத்து விடுங்கள், டப்பாப் பொடியைவிட நன்றாகவே இருக்கும். பெருங்காயத்துக்குப் பூண்டு நிற்கும், பூண்டு சேர்க்காத நாள் என்றால் சீரகம், மிளகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பாயசத்துக்குச் சர்க்கரை இல்லாமல் வெல்லம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும், கொதிக்கிற பாலில் வெல்லம் விழுந்தால் திரியும். பாகை வடிகட்டி ஆறவைத்து, பாலும் சூடு தணிந்த பிறகு சேருங்கள்.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடுங்கள், இழுத்துக்கொள்ளும் என்பார்கள். கிழங்கு உப்பை மட்டும் தனியாக இழுக்காது, உப்புத்தண்ணீரைத்தான் குடிக்கும், மிச்சக் குழம்பு அதே உப்போடுதான் இருக்கும். உப்பில்லாமல் வெந்த பருப்பை மசித்துக் கலந்து, தண்ணீரும் கொஞ்சம் புளிப்பும் கூட்டுவதுதான் வழி. அடி பிடித்தால் கிளறவே கூடாது, மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி மாவு. பொங்கவைக்கிற நுண்ணுயிர் உளுந்திலும் அரிசியிலுமே இருக்கிறது, அதற்குத் தேவை வெதுவெதுப்பு. சித்திரையில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவுக்கு ஐப்பசி, கார்த்திகையில் பதினாலு, பதினாறு மணி நேரம்கூட ஆகும், அதனால் ராத்திரி அரைப்பதை விட்டுவிட்டு மத்தியானமே அரைத்து வையுங்கள். உளுந்தை ஃப்ரிஜ் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், கையால் நன்றாகக் கலந்து, பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள அகலமான தாம்பாளத்தில் இறக்கி, மேலே துணி போர்த்துங்கள். இட்லி அரிசி இல்லையென்றால் ரேஷன் புழுங்கல் அரிசியே தாராளமாகப் போதும். பச்சரிசி மட்டும்தான் இருக்கிறதென்றால் நாலு கப்புக்கு உளுந்து ஒன்றேகால் கப்பாக்கி, அரை கப் அவலும் ஊறவைத்து அரையுங்கள், இல்லாவிட்டால் இட்லி கல்லாகும். தை அறுவடையில் வந்த புது அரிசியாக இருந்தால் தண்ணீரைக் குறையுங்கள், அது பசை விடும்.

மழை நாளில் தயிர் உறை தீர்ந்துபோவதும் வழக்கம்தானே. காய்ச்சிய பாலைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, கழுவிய பச்சை மிளகாய்க் காம்பு நாலைந்தைப் போட்டு மூடி, அடுப்பு ஓரமாக வையுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் தளதளவென்று உறையும். இந்த முதல் தயிர் சாப்பிட அவ்வளவு நன்றாக இருக்காது, அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து மறுநாள் பாலில் ஊற்றினால் வருவதுதான் சரியான தயிர்.