வியட்நாமின் ஹோ சி மின் நகரில் ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்குவது கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

நண்பகலில் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரம் படுத்து எழும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் தகும். காலையில் கிளம்பி இரவு பத்து மணிக்குத்தான் திரும்புவேன் என்பவருக்கு, அதே பகுதியில் பாதிக்கும் குறைந்த வாடகையில் கிடைக்கும் சிறிய ஓட்டலே போதுமானது. எழுபது வயதைக் கடந்த என் தாயாருடன் அங்கே ஐந்து இரவுகள் தங்கியபின் நான் வந்து சேர்ந்த முடிவு இது.

நட்சத்திரங்களின் எண்ணிக்கையைவிட ஓட்டல் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். 2025 ஜூலையில் மாவட்டப் பிரிவுகள் நிர்வாகத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டாலும் ஊரார் இன்னும் ‘முதல் மாவட்டம்’ என்றே சொல்லும் நடுப்பகுதியில், டோங் கோய் தெருவையும் ஓபரா மாளிகையையும் ஒட்டித் தங்குவது நல்லது. 1880இல் தொடங்கிய கான்டினென்டல், 1925இல் ஆற்றங்கரையில் எழுந்த மஜெஸ்டிக், வியட்நாம் போர்க்காலத்தில் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் அலுவலகம் வைத்திருந்த காரவெல் ஆகிய மூன்று ஓட்டல்களும் இத்தெருவின் நடைதூரத்துக்குள்ளேயே இருக்கின்றன. பழமையில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு முதலிரண்டும் பிடிக்கும். குளியலறையும் மின்தூக்கியும் புதிதாக இருக்க வேண்டும் என்பவர்கள் பிற்காலத்தில் எழுந்த உயரமான கட்டடங்களையே தேர்ந்தெடுக்கலாம்.

நாங்கள் தங்கிய ஓட்டலின் பெயரை இங்கே தவிர்க்கிறேன், ஏனெனில் முதல் இரண்டு இரவுகள் எங்களுக்கு உறக்கமே இல்லை. தெருவைப் பார்த்த அறை வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது நான்தான். ஆனால் எதிர்க்கட்டடத்து மொட்டைமாடியில் நள்ளிரவு தாண்டியும் பாட்டு ஓடும் என்பதை அறை ஒதுக்கியவர் சொல்லியிருக்கலாம். மூன்றாம் நாள் உட்புறமாக, உயர்ந்த தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். காட்சி ஒன்றும் இல்லை, அமைதி இருந்தது. பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலைக்கு அருகில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி என்று பொருள்.

மே முதல் நவம்பர் வரை பெரும்பாலும் பிற்பகலில் மழை கொட்டும். மற்ற மாதங்களில் அந்த நேரத்து வெயில் தாங்காது. மோட்டார் சைக்கிள்களோ இரண்டையும் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்காக நிற்கவும் மாட்டா. நிற்காமலும் பின்வாங்காமலும் ஒரே வேகத்தில் நடந்தால் அவை நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தும், அம்மாவை அழைத்துக்கொண்டு அதைச் செய்யத் துணிவு வரவில்லை. வாசலில் நின்ற பணியாளர் ஒருவர் நாள்தோறும் கையை உயர்த்தியபடி அவரைச் சாலையின் மறுபக்கம் கொண்டுபோய்விட்டார். முழு வாடகையும் அந்தப் பிள்ளைக்கே போயிருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி.

சைவ உணவு உண்பவர்கள் ‘அன் சாய்’ என்ற இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டு செல்ல வேண்டும். காய்கறி மட்டும் என்று கேட்டாலும் மீன் சாறு கலந்துவிடும் சமையல் அது. ‘சாய்’ என்றால்தான் புலால் அறவே இல்லாத உணவு என்று புரிந்துகொள்வார்கள். காலை உணவு வாடகையில் சேர்ந்திருந்தால் பழங்களே பாதி வயிற்றை நிரப்பிவிடும்.

நடுப்பகுதியில் தங்கியதால் கிடைத்த இன்னொரு நன்மை, தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு அம்மா நடந்தே போய்வர முடிந்தது. பென் தான் சந்தைக்கு அருகில், ட்ருவாங் டின் தெருவில் இருக்கும் அக்கோயிலில் அன்று ஊதுவத்தியோடு நின்றவர்களில் எங்கள் இருவரைத் தவிர அனைவரும் வியட்நாமியரே.

பணத்தாள்களில் கவனம் தேவை: 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டுமே நீலம். ஏறக்குறைய எழுபது ரூபாய் கொடுப்பதாக எண்ணி, பெட்டி தூக்கியவருக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் நீட்டிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தாளில் இருந்த சுழிகளை விரலால் எண்ணிக் காட்டித் திருப்பிக் கொடுத்தார்.