மீன்தொட்டிக்குக் காற்று வேண்டும், அழகும் கெடக்கூடாது

கேள்வி: கோத்தகிரி அருகே பசுமைக்குடிலில் கார்னேஷன் சாகுபடி செய்துவருகிறேன். வீட்டுக் கூடத்தில் 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியில் எட்டுத் தங்கமீன்களும் சில செடிகளும் இருக்கின்றன. குளிருக்காக ஹீட்டரை 28 டிகிரியில் வைத்திருக்கிறோம். ஏர் பம்பின் டியூபும் குமிழிகளும் தொட்டியின் அழகைக் கெடுக்கின்றன. சத்தமும் இருப்பதால் இரவில் பம்பை நிறுத்திவிடுகிறோம். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தொட்டியின் தோற்றம் கெடாமல் காற்றோட்டம் தர வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் அதற்கு முன், பம்பை இரவில் நிறுத்தும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுவது பசியால் அன்று, தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டதால்தான். பகல் வெளிச்சத்தில் பிராணவாயுவை வெளியிடும் செடிகள், விளக்கை அணைத்த பிறகு மீன்களோடும் சரளைக்கற்களுக்கிடையே வாழும் நுண்ணுயிர்களோடும் சேர்ந்து அதையே எடுத்துக்கொள்கின்றன. எனவே, காற்று மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் உங்கள் பம்ப் ஓடாமல் இருக்கிறது.

மலைப்பகுதிக்கே உரிய ஒரு காரணமும் இதில் சேர்கிறது. கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்குள்ள காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான்; தண்ணீரில் கரையக்கூடிய பிராணவாயுவும் அதே அளவுக்குக் குறைகிறது. கடலோர ஊர் ஒன்றில் 28 டிகிரி வெப்பமுள்ள நீர் ஒரு லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் வரை பிராணவாயுவை ஏற்கும் என்றால், உங்கள் வீட்டில் அதே வெப்பத்தில் சுமார் 6.3 மில்லிகிராமுக்கு மேல் ஏற்காது. ஹீட்டரை எடுத்துவிட்டு நீரை 18 டிகிரியில் விட்டால் இது 7.6 வரை உயரும். தங்கமீன் குளிர்நீர் மீன். நீலகிரியில் வீட்டுக்குள் வைத்த தொட்டியில் அதற்கு ஹீட்டரே தேவையில்லை. நாளொன்றுக்கு ஓரிரு டிகிரியாகக் குறைத்து ஹீட்டரை முழுவதும் நிறுத்திவிடலாம். மேலும், சரளையும் கல்லும் போக 110 லிட்டர் அளவே நீர் கொள்ளும் இந்தத் தொட்டிக்கு எட்டுத் தங்கமீன்கள் மிக அதிகம்; வளர்ந்த மீன்கள் என்றால் மூன்றுக்கு மேல் வேண்டாம்.

இனி அழகைப் பற்றி. குமிழிகள் நிறையத் தெரிந்தால்தான் காற்று போதுமானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில், ஒன்றரை அடி உயரத்தைக் குமிழி கடக்கும் ஓரிரு விநாடியில் அதிலிருந்து நீரில் கரைவது மிகச் சிறிதளவே. பெரும்பங்கு பிராணவாயு, காற்றும் நீரும் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்பு வழியாகவே உள்ளே வருகிறது. குமிழி செய்யும் பெரிய உதவி, அடிநீரை மேலே தூக்கி வந்து அந்தப் பரப்பை அசைப்பது. அந்த அசைவை வேறு வகையில் ஏற்படுத்திவிட்டால், தொட்டியின் நடுவே குமிழித்திரை எதுவும் தேவையில்லை.

இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது, ஃபில்டரிலிருந்து நீர் வெளியேறும் துளைக்குழாயைப் பின்பக்கக் கண்ணாடியை ஒட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே, துளைகள் சற்றே மேல்நோக்கியிருக்குமாறு பொருத்துவது. தொட்டியின் மேல்விளிம்புச் சட்டம் அதை மறைத்துவிடும். மேற்பரப்பு முழுவதும் மெல்லிய அலை ஓட வேண்டும். ஒரு சிட்டிகை தீவனத்தைத் தூவிப் பாருங்கள், அது ஒரே மூலையில் தேங்கி நின்றால் குழாயின் திசையை மாற்றுங்கள். எண்ணெய்ப் படலம் போன்ற ஏடு மேலே படிந்திருந்தால் காற்று உள்ளே புகுவது தடைபடும். செய்தித்தாள் ஒன்றை நீரின்மேல் விரித்து எடுத்தால் ஏடு அதனுடன் வந்துவிடும். மேல்மூடியில் பின்பக்கம் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.

ஏர் பம்பையே வைத்துக்கொள்வதானால், பின்பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் கருப்புத் தாள் ஒட்டி, வெள்ளை டியூபுக்குப் பதிலாகக் கருப்பு டியூபை மூலையோடு இறக்குங்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் டியூப் கண்ணுக்குத் தெரியாது. பம்பின் காற்றில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரை மரக்கட்டைக்கோ பாறைக்கோ பின்னால், நீர் சுற்றிவர நான்கு விரல் இடம் விட்டு வைக்கலாம். அந்தக் கட்டையில் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைச் செடிகளைக் கட்டிவிட்டால் மறைப்பும் ஆயிற்று, தங்கமீன்களும் அவற்றை எளிதில் மேய்ந்துவிடாது. பம்பை மடித்த சாக்கின்மேல் வைத்தால் அதிர்வுச் சத்தம் பெரிதும் குறையும். டியூபின் முனையில் காற்றைக் குமிழிகளாக்கும் நுண்துளைக் கல்லான ஏர் ஸ்டோன் அடைத்துக்கொண்டாலும் பம்ப் திணறி இரைச்சலிடும் என்பதால், அதை அவ்வப்போது மாற்றுங்கள். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் டியூப் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்.

கொய்மலர் சாகுபடியாளர் என்பதால் உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏர் பம்ப், தான் இருக்கும் அறையின் காற்றைத்தான் உறிஞ்சி நீருக்குள் தள்ளுகிறது. இலைப்பேனுக்கும் சிலந்திப்பேனுக்கும் அடிக்கும் மருந்துகளில் பல, குறிப்பாகப் பைரித்ராய்டு வகை, மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். எனவே மருந்து டப்பாக்களையும் தெளிப்பானையும் பம்ப் உள்ள அறையில் வைக்காதீர்கள். தெளித்துவிட்டு வந்த கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடாதீர்கள். கொசுவத்திச் சுருளின் புகைக்கும் இது பொருந்தும். குளிருக்காகக் கரியடுப்பை மூடிய அறைக்குள் மூட்டுவது மனிதருக்கே உயிராபத்து. அதைத் தொட்டி உள்ள கூடத்திலும் தவிர்த்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் பல மணி நேரம் வராது என்பது நீங்கள் அறிந்ததே. பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். அதுவும் இல்லாதபோது, அரை மணிக்கு ஒரு முறை தொட்டி நீரையே குவளையில் முகந்து ஓர் அடி உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து தடவை ஊற்றுங்கள். மின்சாரம் வரும்வரை தீவனம் போட வேண்டாம். ஃபில்டர் நெடுநேரம் நின்றிருந்தால், ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் ஒரு முறை அலசிய பிறகே மீண்டும் ஓட்டுங்கள்.