கண்ணீரிலும் நாக விஷத்திலும் ஒரே குடும்பம்

கேள்வி: நாகப்பாம்பு விஷத்தில் இருக்கும் பாஸ்போலிப்பேஸ் நொதி நம் உடம்பிலும் ஊறுகிறதாமே, ஆறாம் படிவம் படிக்கும் மகள் சொல்கிறாள். பிறகு ஏன் விஷம் ஆளைக் கொல்கிறது? செம்பனைக் காட்டில் கொத்துப்பட்டவருக்கு வலி மாத்திரை கொடுத்தால் வீக்கம் அடங்குமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மகள் சொன்னது சரிதான். நாக விஷத்தில் இருப்பதும் நம் கணையம் சுரப்பதும் பாஸ்போலிப்பேஸ் ஏ2-வின் முதல் பிரிவு. விரியன் விஷம், நம் கண்ணீர், முடக்குவாதம் வந்த மூட்டின் நீர் ஆகியவற்றில் இரண்டாம் பிரிவு. தேனீக் கொடுக்கில் மூன்றாவது. கண்ணீரில் அது கிருமிகொல்லி.

செல் சவ்வு பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகையால் ஆனது. முட்டை மஞ்சள் கருவின் லெசித்தினும் அந்த இனமே. அதன் இரண்டு கொழுப்பு அமில வால்களில் நடுக் கார்பனில் தொங்குவதை இந்த நொதி வெட்டும். அதற்குக் கால்சியம் மில்லிமோலார் அளவில் வேண்டும். இரத்தத்தில் அவ்வளவு உண்டு. செல்லுக்குள் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே இதன் ஆட்டமெல்லாம் செல்லுக்கு வெளியே.

வெட்டுப்பட்ட துண்டுகளே சமிக்ஞை. வால் அராக்கிடோனிக் அமிலமானால், சைக்ளோஆக்ஸிஜினேஸ் என்ற நொதி அதைப் புரோஸ்டாகிளாண்டினாக்கும்: வலி, வீக்கம், காய்ச்சல். லிப்பாக்ஸிஜினேஸ் என்ற இன்னொரு நொதியின் கையில் சிக்கினால் லியூக்கோட்ரையீன், மூச்சுக்குழாய் இறுகும். ஒரு வாலை இழந்து மிஞ்சும் லைசோ துண்டை ஆட்டோடாக்ஸின் என்ற நொதி மாற்றினால், செல்லை வளரவும் நகரவும் தூண்டும் பொருள் கிடைக்கும். அதே துண்டு அளவுக்கு மீறினால் சவர்க்காரம் போலச் சவ்வைக் கரைத்துவிடும்.

நம்முடையது ஏன் நம்மைத் தின்பதில்லை? கணையம் அதைப் பூட்டுப் போட்டே அனுப்புகிறது. குடலில் டிரிப்சின் என்ற செரிமான நொதிதான் திறக்கும். மூட்டு நீரில் இருப்பது நலமான செல்லின் வெளிப்புறத்தில் எளிதில் ஒட்டாது. சாகும் செல்லும் பாக்டீரியாவும் காட்டும் எதிர்மின் கொழுப்பைத்தான் தேடும். விஷ நொதிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. போதாததற்கு, நாக விஷத்தின் செல்நச்சுகள் முதலில் சவ்வைக் குலைத்து வழிவிடுகின்றன.

இனி மாத்திரை. ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் சைக்ளோஆக்ஸிஜினேஸை மட்டும் அடைக்கும், வெட்டு நிற்காது. விரியன் கடியாக இருந்தால் இரத்தப்போக்கும் கூடும். கொடுக்காதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் தாங்குங்கள். கயிற்றால் இறுக்கவோ கீறவோ வேண்டாம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 999-ஐ அழையுங்கள். முறிமருந்து பாம்பின் இனத்துக்கு ஏற்றபடி மாறும். தள்ளி நின்று படமெடுக்க முடிந்தால் போதும், பாம்பை அடித்துத் தூக்கி வரவேண்டாம். முறிமருந்து விஷத்தைப் பிடித்து நிறுத்துமே தவிர, ஏற்கனவே வெட்டுப்பட்ட சவ்வை ஒட்டித் தராது. லயத்தில் மஞ்சள் அரைத்துப் பூசும் நேரத்திலும் வெட்டு நடந்துகொண்டேதான் இருக்கும்.