தத்துவம் படிக்க எதை நம்பலாம்?

கேள்வி: வணிகவியல் படித்துப் பணி ஓய்வு பெற்றவன் நான். தத்துவத்தை முறையாகப் பயில விரும்புகிறேன். இணையத்தில் ஒரே சிந்தனையாளரைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான செய்திகள் கிடைக்கின்றன. எதை நம்பித் தொடங்குவது?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒரு கருத்தை இன்னார் சொன்னார் என்பதோடு நில்லாமல், எந்த நூலில் எந்த இடத்தில் சொன்னார் என்றும் காட்டும் எழுத்தை நம்பித் தொடங்குங்கள். 'போரின் முடிவைக் கண்டவர்கள் இறந்தவர்கள் மட்டுமே' என்ற வாசகம் பிளேட்டோவின் பெயரில் வழங்குகிறது. 1962இல் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரும் ஓர் உரையில் அவ்வாறே குறிப்பிட்டார். ஆனால் பிளேட்டோவின் எந்த உரையாடலிலும் அது இல்லை; 1922இல் வெளிவந்த ஜார்ஜ் சந்தாயனாவின் கட்டுரைத் தொகுப்பில்தான் இருக்கிறது. இத்தகைய பிழையைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு. 1578இல் ஹென்றி எஸ்தியேன் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்களே பிளேட்டோவின் நூல்களுக்கு இன்றும் மேற்கோள் எண்களாக வழங்குகின்றன. 'குடியரசு' நூலின் குகை உவமை 514ஆம் எண்ணில் தொடங்குகிறது; தரமான மொழிபெயர்ப்பு எதை எடுத்தாலும் பக்க ஓரத்தில் அந்த எண்ணைக் காணலாம். எண் தராமல் பிளேட்டோவை மேற்கோள் காட்டுபவரிடம் எண்ணைக் கேளுங்கள்.

மேலைத் தத்துவத்துக்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தத்துவக் கலைக்களஞ்சியம் 1995 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. துறை வல்லுநர்கள் எழுதி, பிற வல்லுநர்கள் சரிபார்த்த கட்டுரைகள் அவை. முதல் வாசிப்பில் கடினமாகத் தோன்றினால் மனம் தளர வேண்டாம்; முன்னுரையையும் இறுதியில் உள்ள நூற்பட்டியலையும் மட்டும் முதலில் படியுங்கள். கட்டுரைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், மேற்கோள் காட்டும்போது ஆண்டுக்கு நான்கு முறை மாறாமல் சேமிக்கப்படும் பதிப்பையே குறிப்பிடுங்கள். நம் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் உள்ளன. அவற்றின் தரம் ஒரே சீராக இல்லை.

இந்தியத் தத்துவத்தில் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் ஒரு தரப்பின் கொள்கை அதை மறுத்தவரின் நூல் வழியாகவே நமக்கு வந்து சேர்வதுண்டு. பௌத்தக் காப்பியமான குண்டலகேசியில் சில பாடல்களே எஞ்சியுள்ளன. அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் துணையோடுதான் அதன் வாதங்களை ஓரளவு அறிகிறோம். வேதத்தையும் மறுமையையும் மறுத்த பொருள்முதல்வாதமான உலகாயதம் பற்றிப் பலரும் எடுத்தாள்வது 14ஆம் நூற்றாண்டின் சர்வதர்சன சங்கிரகத்தின் முதல் அத்தியாயத்தை. அதை இயற்றிய மாதவர் வேதாந்தி. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதியும் பிற மதங்களை எடுத்துரைப்பது அவற்றை மறுப்பதற்காகவே. இவற்றை ஒதுக்கிவிடக் கூடாது. எதிராளியின் வாயால் வந்த சாட்சியம் என்று உணர்ந்து படிக்க வேண்டும். இது யாருடைய பூர்வபட்சம், அதாவது மறுப்பதற்காக முதலில் எடுத்துரைக்கப்படும் எதிர்த்தரப்பு வாதம், என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வது என் நெடுநாள் பழக்கம். அது என்னைப் பல தவறான முடிவுகளிலிருந்து காத்திருக்கிறது.

விரிவான வரலாறு வேண்டுமானால், சுரேந்திரநாத் தாஸ்குப்தா 1922இல் தொடங்கி ஐந்து தொகுதிகளாக எழுதிய நூலை அடிக்குறிப்புகளோடு சேர்த்துப் படியுங்கள். ஆனால் அதற்கு முன், 1898இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த மணிமேகலையை எடுத்து, 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தம் கொள்கையை எடுத்துரைப்பதைக் குறிப்பேட்டில் தனித்தனியே எழுதிப் பாருங்கள்.